கோழியா, கீரைப்பாத்தியா, கடைக்காசா? சின்னப் பிள்ளைக்கு முதல் பொறுப்பாக எதைக் கொடுப்பது

முன்பள்ளி முடிந்து முதலாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளைக்கு "இனி இது உன்ர வேலை" என்று ஏதாவது ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும் என்று வன்னியில் அநேகமான வீடுகளில் நினைக்கிறார்கள். எதைக் கொடுப்பது என்பதில்தான் இழுபறி. கடைக்கு அனுப்பிப் பழக்கலாம் என்பார் அப்பா. முற்றம் கூட்டட்டும் என்பார் அம்மம்மா. அம்மாவுக்குக் கிணற்றடியில் ஒரு கீரைப்பாத்தி போட ஆசை. பிள்ளையோ யாரையும் கேளாமல் கோழிக்கூட்டடியில் நிற்கும். இந்த நான்கையும் ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து இங்கே ஒப்பிடுகிறோம்.

எந்த வேலையால் வீட்டுக்கு உதவி அதிகம் என்று பார்த்துத்தான் வழக்கமாகத் தெரிவு செய்வார்கள். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள். பிள்ளை ஒருநாள் மறந்தால், அந்த நட்டத்தை அடுத்த நாள் சரிக்கட்ட முடியுமா? வேலை நடந்ததா இல்லையா என்பதைப் பிள்ளையிடம் கேட்காமலே கண்ணால் பார்த்து அறிய முடியுமா?

இரண்டாவது கேள்விக்குத்தான் கனதி கூட. சின்னப் பிள்ளைகளின் பொய்களில் பெரும்பகுதி நாங்கள் கேட்கும் கேள்வியிலிருந்து வருகிறது. காய்ந்து கிடக்கும் மண்ணைப் பார்த்துக்கொண்டே "தண்ணி ஊத்தினியோ?" என்று கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளை "ஓம்" என்றுதான் சொல்லும். அது ஏமாற்றுத் திட்டம் அல்ல. அம்மாவின் முகம் கோணாமல் இருக்க என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்கிறது. மூன்று, நாலு வயதில் பொய் தலைகாட்டுவதும் வழமையான வளர்ச்சிதான். தனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று விளங்கத் தொடங்கினால்தான் பொய்யே சொல்ல வரும். ஆகவே விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். "மண் காஞ்சு போச்சு, வாளியை எடுத்துக்கொண்டு வா" என்றால் விசயம் முடிந்தது. கேட்டு அறிய வேண்டிய வேலையை விடப் பார்த்து அறியக்கூடிய வேலையே முதற் பொறுப்புக்கு நல்லது.

கீரைப்பாத்தி

ஐந்து, ஆறு வயதுக்கு எங்கள் தெரிவு இதுதான். மூன்றடிக்கு மூன்றடி போதும். பெரிய பாத்தி போட்டால் இரண்டாம் கிழமை அம்மாவின் வேலையாகிவிடும். மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, காய்ந்த மாட்டெருவை உதிர்த்து ஒரு கடகம் கலக்க வேண்டும். முளைக்கீரை விதை மிகச் சிறியது. பிள்ளை கையால் எறிந்தால் ஒரே இடத்தில் குவியும். ஒரு சிட்டிகை விதைக்கு இரண்டு கைப்பிடி உலர்ந்த மணல் கலந்து கொடுத்தால் பரவலாக விழும். மேலே மெல்லிதாக மண் தூவி, சுற்றிவர அடுப்புச் சாம்பல் போட வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு விதையைக் காவிக்கொண்டு போய்விடும். "நான் போட்ட விதை முளைக்கேல்லை" என்று பிள்ளை முதல் கிழமையே மனம் விடுவது பெரும்பாலும் இதனால்தான்.

தண்ணீர் காலையும் மாலையும் சின்ன வாளியில் பாதி. வாளியைக் கவிழ்த்தால் விதை ஓடிவிடும். பால்மா ரின்னின் அடியில் ஆணியால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டுக் கொடுங்கள். நாலைந்து நாளில் முளை தெரியும். இருபத்தைந்து நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பிடுங்கிக் கறி வைக்கலாம். பிள்ளைக்கு ஒரு மாதம் என்பதே நெடுங்காலம். வெண்டி நட்டால் முதற்காய்க்கு ஒன்றரை மாதம் ஆகும், கத்தரிக்கு இன்னும் கூட. கீரைக்கு முதலிடம் கொடுப்பது அதனால்தான்.

கீரையில் உள்ள பெரிய நன்மை, தவறைத் திருத்திக்கொள்ளலாம் என்பது. பின்னேரம் வாடித் தொங்கும் கீரைக்குத் தண்ணீர் ஊற்றினால் விடிய நிமிர்ந்து நிற்கும். மறந்ததும் தெரிகிறது, திருத்தியதும் தெரிகிறது. நடுவில் யாரும் யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. இரண்டு நாள் முழுக்க மறந்தாலும் போவது ஒரு சிட்டிகை விதைதான்.

காலம் பார்க்க வேண்டும். மாரி மழை அடித்து ஊற்றும் நவம்பர், டிசம்பரில் விதைத்தால் பாத்தியே கரைந்து போகும். தைப்பொங்கல் கழித்துத் தொடங்குவது நல்லது. கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும், மண்ணும் இளகியிருக்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் கிணறு வற்றி, குடிதண்ணீருக்கே பவுசர் பார்த்திருக்கும் ஊர்களில் பாத்தியை அடுத்த மாரி கழியும் வரை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் கீரை செத்தால் அது பிள்ளையின் பிழை அல்ல. ஆனால் பிள்ளை தன் பிழை என்றே நினைக்கும். மற்றது வேலி. கட்டாக்காலி மாடு, குரங்கு, மயில் மூன்றும் வரும். எல்லாவற்றுக்கும் முதல் வீட்டுக் கோழியே வந்து கிளறும்.

கோழி

ஏழு வயதுக்குப் பிறகு கோழியை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. வீட்டில் ஏற்கெனவே ஊர்க்கோழி இருக்க வேண்டும். பொழுதுபடும் நேரத்தில் வளர்ந்தவர் ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். பிள்ளைக்கென்று புதிதாக ஃபாம் குஞ்சு வாங்கிக் கொடுப்பது வீண்வேலை. அவற்றுக்குச் சூடு, தனித்தீன் என்று எல்லாம் வேண்டும். குழந்தையின் கையில் ஒரு கிழமை தாங்குவதே பாடு.

வேலையைப் பிரித்துச் சொல்ல வேண்டும். "கோழியைப் பார்" என்பது வேலை அல்ல. காலையில் கூட்டைத் திறந்து எண்ணுவது. மண்சட்டியைக் கழுவித் தண்ணீர் வைப்பது. சோளகக் காற்று அடிக்கும் வெயில் மாதங்களில் மத்தியானமும் ஒருமுறை. ஒரு கோழிக்கு ஒரு கைப்பிடி குறுணல், காலையும் மாலையும். மிச்சத்தை அது தானே மேய்ந்துகொள்ளும். முட்டையை எடுத்துப் பென்சிலால் திகதி எழுதி வைப்பது. பின்னேரம் ஆறு மணிக்குள் எல்லாம் ஏறினபிறகு திரும்ப எண்ணிக் கூட்டை அடைப்பது. இந்த ஐந்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முதல் மாதம் தண்ணீரும் தீனும் மட்டும். அடுத்த மாதம் முட்டை. அடைக்கும் வேலை கடைசி, ஏனென்றால் அங்கேதான் நட்டம் பெரிது. ஓர் இரவு கதவு திறந்து கிடந்தால் மரநாய் வந்து போகும். காலையில் இறகுதான் மிஞ்சும், திருத்த வழியில்லை. ஆகவே முதல் மூன்று மாதம் பிள்ளை அடைத்தபிறகு வளர்ந்தவர் ஒருவர் சத்தமில்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். திறந்திருந்தால் அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் "நேற்று கொக்கி போடாமல் கிடந்தது, நான் போட்டனான்" என்று ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள். கோழி பிழைத்துக்கொண்டது, ஆனால் விசயமும் மறைக்கப்படவில்லை.

அடை வைப்பதுதான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டு முடிய அடை கிடக்கும். பழைய கடகத்தில் வைக்கோல் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்து, இருட்டினபிறகு கோழியை ஏற்றுவார்கள். இருபத்தொரு நாள். கலண்டரில் பிள்ளையே ஒவ்வொரு நாளாக வெட்டட்டும். ஏழாம் நாள் இரவு, டோர்ச் வெளிச்சத்துக்கு முன்னால் முட்டையைப் பிடித்தால் கருக்கட்டியதில் சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். கட்டாதது வெளுப்பாகத் தெரியும். முட்டைகளை அடிக்கடி தூக்கிப் பார்க்கும் ஆசையைப் பிள்ளை அடக்குவது கடினம். கோழி குழம்பினால் அடையை விட்டு எழும்பிவிடும். "பார்க்காதே" என்று சொல்வதைவிட, பார்க்கும் நாளைக் குறித்துக் கொடுப்பது பலிக்கும்.

குஞ்சு பொரித்தபிறகு வருவதுதான் உண்மையான சோதனை. பருந்து, காகம், கீரி என்று ஒவ்வொன்றாக வந்து குஞ்சுகளைக் கொண்டுபோகும். இராணிக்கெட் நோய் வந்தால் கூடே காலியாகும். தடுப்பூசி போடுவிப்பது வளர்ந்தவர் பொறுப்பு, கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்துச் செய்ய வேண்டியது. இந்த இடத்தில் இழப்பையும் தவறையும் பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பருந்து தூக்கியது இழப்பு. குஞ்சை மூடி வைக்கச் சொன்ன கூடையைக் கவிழ்க்காமல் விளையாடப் போனது தவறு. இரண்டுக்கும் ஒரே பேச்சு விழுந்தால் பிள்ளை அடுத்த முறை குஞ்சுகளின் எண்ணிக்கையையே மாற்றிச் சொல்லும்.

முட்டைக் கணக்கை வைத்துப் பொய் பிடிக்கவும் முயலாதீர்கள். ஊர்க்கோழி ஒவ்வொரு நாளும் முட்டை இடுவதில்லை, சில நாள் வேறெங்காவது இட்டுவிட்டும் வரும். "நேற்று இருந்தது, இண்டைக்கு ஏன் இல்லை? உடைச்சனியோ?" என்று உடைக்காத பிள்ளையைக் கேட்டால், உண்மை சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்பதை அது அன்றைக்கே படித்துக்கொள்ளும்.

வேறெங்காவது என்று சொன்னதால் ஒரு எச்சரிக்கை. கோழி எங்கே முட்டை இடுகிறது என்று தேடிப் பிள்ளை பற்றைக்குள் போகக் கூடாது. வளவுக்கு வெளியே துப்புரவு செய்யாத காணி இருந்தால் அறவே கூடாது. 2009இல் போர் முடிந்து பதினைந்து ஆண்டு கடந்தும் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடிந்துவிடவில்லை. இதற்கும் நேர்மைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். போகக் கூடாத இடத்துக்குப் போன பிள்ளை அங்கே ஓர் இரும்புச் சாமானைக் கண்டிருந்தால், போனதற்கு அடி விழும் என்ற பயத்தில் கண்டதையும் சொல்லாது. பற்றைக்குள் புடையன் பாம்பு தீண்டினாலும் "முள்ளுக் குத்தினது" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. எங்கே போனாய் என்பதைத் தண்டனைப் பயமில்லாமல் சொல்லும் பழக்கம் இந்த மண்ணில் உயிர் காக்கும் பழக்கம்.

கடைக்காசு

பெற்றோர் முதலில் கையில் எடுப்பது இதை. நாங்கள் கடைசியில் வைப்போம். எட்டு வயதுக்குப் பிறகு, அதுவும் ஏ9 வீதியையோ வேறு பெருந்தெருவையோ கடக்கத் தேவையில்லாத கடையாக இருந்தால் மட்டும்.

காசில் என்ன சிக்கல் என்றால், பார்த்து அறிய முடியாதது நிறைய இருக்கிறது. பிள்ளையிடம் 200 ரூபா கொடுத்து 170 ரூபாவுக்குச் சாமான் வாங்கச் சொன்னால் 30 ரூபா மிச்சம் வர வேண்டும். சில்லறை இல்லை என்று கடைக்காரர் இரண்டு டொபி கொடுத்துவிடுவார். பிள்ளை வழியிலேயே சாப்பிட்டுவிடும். வீட்டில் மிச்சக்காசு குறைகிறது, வாயில் டொபி மணக்கிறது. குற்றம் நிரூபணமாகிவிட்டது போல இருக்கும். பிள்ளை செய்த பிழை ஒன்றுமில்லை. இதைத் தவிர்க்க முதலிலேயே கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள்: மிச்சத்துக்கு டொபி வேண்டாம், சில்லறை இல்லாவிட்டால் அடுத்த முறை கழிக்கலாம்.

படிமுறை இப்படி: முதல் ஒரு மாதம் ஒரே ஒரு சாமான், சரியான காசு, மிச்சம் வராது. அடுத்து ஒரு சாமானும் மிச்சக்காசும். எவ்வளவு வர வேண்டும் என்று புறப்படும் முன் பிள்ளையே கணக்குப் பார்த்துத் துண்டில் எழுதட்டும். கடையிலேயே உள்ளங்கையில் வைத்து எண்ணிவிட்டு இறங்க வேண்டும். குறைந்தால் அங்கேயே கேட்கலாம். வீட்டுக்கு வந்தபிறகு யார் தவறவிட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. காற்சட்டைப் பையில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிப்பதற்கில்லை.

கடனைக் கொப்பியில் எழுதிச் சாமான் தரும் கடை வேறு கதை. "அம்மா கொப்பியில எழுதட்டாம்" என்று சொன்னால் சாமான் கிடைக்கும் என்பதைப் பிள்ளை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். கணக்கு மாதக் கடைசியில்தான் தெரியவரும். மூன்று கிழமைக்கு முன் வாங்கிய பிஸ்கட்டுக்கு அன்று அடி விழுந்தால், எதற்கு என்று பிள்ளைக்கு விளங்காது. சின்னப் பிள்ளையைக் கொப்பிக்கு அனுப்பவே வேண்டாம்.

உண்டியலும் இந்தப் பக்கந்தான். தீபாவளி நெருங்க, அவசரத்துக்குப் பிள்ளையின் உண்டியலில் கை வைத்து "பிறகு தாறன்" என்று சொல்லி மறக்கும் வீடுகள் குறைவில்லை. பெரியவர் தன்னிடம் பொய் சொன்னதை அறிந்த பள்ளிப் பிள்ளைகள், பிறகு தாங்களும் பார்க்கக் கூடாது என்று சொன்ன பொருளைக் களவாகப் பார்த்துவிட்டு மறைப்பது கூடுகிறது என்பதை 2014இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்று காட்டியது. எடுத்தால் உண்டியலில் ஒரு துண்டு எழுதிப் போடுங்கள்: திகதி, தொகை, திருப்பும் நாள். பிள்ளை வாசிக்கும்படி பெரிய எழுத்தில்.

முற்றம்

ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக் கூட்டுவது நல்ல வேலைதான், ஆனால் முதல் பொறுப்பாகப் பலிப்பதில்லை. முற்றம் எல்லாருடையது. வேப்பமரம் பத்து நிமிடத்தில் திரும்பக் கொட்டிவிடும். கூட்டினதா இல்லையா என்ற வாதம் ஒவ்வொரு நாளும் வரும். வேலியிலிருந்து கிணற்றடி வரை என்று ஒரு துண்டைப் பிரித்துக் கொடுத்தால் கொஞ்சம் தேறும். காசு கொடுத்துக் கூட்டுவிப்பது வேண்டாம். இருபது மாதக் குழந்தைகளை வைத்து 2008இல் செய்த பரிசோதனையில், உதவியதற்கு விளையாட்டுப் பொருள் பெற்ற குழந்தைகள் அதன்பிறகு உதவுவது குறைந்தது. இன்னொன்று: முற்றம் பெண்பிள்ளைக்கு, கடை ஆண்பிள்ளைக்கு என்று பிரிக்கும் வழக்கம். இரண்டு பேருக்கும் இரண்டும் தெரிய வேண்டும்.

பொய் வரும் நாள்

எதைத் தெரிவு செய்தாலும் ஒருநாள் பொய் வரும். முட்டை உடையும், "நான் இல்லை, பூனை" என்று கேட்கும். அன்றைக்கு வீட்டில் மூன்று வழி போட்டியிடும்: அடி, சத்தியம், திருத்தம்.

அடி விரைவானது. பாடசாலையில் உடல்தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. வீட்டுக்குள் அது வருவதில்லை. மேற்கு ஆபிரிக்காவில் அடிக்கும் பள்ளி ஒன்றிலும் அடிக்காத பள்ளி ஒன்றிலும் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கும் பள்ளிப் பிள்ளைகளே கூடுதலாகப் பொய் சொன்னார்கள். அதோடு பொய்யைப் பிடிபடாமல் தொடரும் திறமையும் அவர்களுக்கே கூட இருந்தது. அடியால் பொய் நிற்கவில்லை, தேர்ச்சி பெற்றது.

சத்தியம் எங்கள் பக்கத்தில் இலேசாக வரும். "முறிகண்டிப் பிள்ளையார் மேல சத்தியம் பண்ணு", "வற்றாப்பளை அம்மாளாணை சொல்லு" என்று கேட்டால், ஏற்கெனவே பொய் சொன்ன பிள்ளை பின்வாங்க வழியில்லாமல் சத்தியமும் பண்ணிவிடும். பிறகு இரவில் பயந்து அழும், அல்லது சாமி ஒன்றும் செய்யவில்லை என்று கண்டு துணிந்துவிடும். இரண்டும் நல்லதல்ல. ஆனால் இதற்குள் பயனுள்ள ஒன்று இருக்கிறது. கேள்விக்கு முன்னால் "கேட்டால் உண்மையைச் சொல்லுவன்" என்று பிள்ளையிடம் வாக்கு வாங்கினால், உண்மை சொல்லும் பிள்ளைகளின் தொகை கூடுகிறது என்று 2002இல் வெளியான கனடிய ஆய்வு காட்டியது. வாக்கு முன்னால் வர வேண்டும், தெய்வத்தைக் கொண்டு பயமுறுத்தாமல்.

கதை சொல்லித் திருத்தப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில், நாங்கள் "புலி வருகுது" என்று சொல்லும் அந்த ஆட்டிடையன் கதையால் ஒரு மாற்றமும் வரவில்லை. உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவனைத் தகப்பன் மெச்சும் கதைக்குத்தான் பலன் இருந்தது. அதே கதையின் முடிவை மாற்றித் தண்டனை கிடைத்ததாகச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது.

திருத்தம் என்பது விட்டுவிடுவது அல்ல. உடைந்த முட்டையைப் பிள்ளையே துடைக்க வேண்டும், எறும்பு வராமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அன்று தன் பொரியலை விட்டுக்கொடுக்கலாம். ஒப்புக்கொண்டால் "சொன்னது நல்லது" என்ற சொல் முதலில் வர வேண்டும், துடைக்கும் வேலை பிறகு வரட்டும். "சொல்லு, அடிக்கமாட்டன்" என்று கேட்டுவிட்டு, சொன்னபிறகு அடிப்பதைப் போலக் கெடுதி வேறில்லை. அடக்க முடியாத கோபம் இருந்தால் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்துப் பேசுங்கள்.

எந்த வீட்டுக்கு எது

அம்மா விடியவே தொழிற்சாலை பஸ்ஸில் போய்ப் பொழுதுபடத் திரும்புகிற வீட்டில், அம்மம்மா கூட நின்றால் கோழி சரிவரும். எண்ணி அடைப்பதை அவர் பார்த்துக்கொள்வார். அவர் கண்பார்வை குறைந்தவர் என்றால் கீரையோடு நிற்பது நல்லது. குடும்பத்தோடு வயலில் நிற்கும் அறுவடைக் கிழமைகளில் எந்தப் புதுப் பொறுப்பையும் தொடங்க வேண்டாம். இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரே கோழியைப் பங்கு போடாதீர்கள். ஆளுக்கொரு கோழி, காலில் வெவ்வேறு நிறச் சீலைத் துண்டு.

கோழியைத் தெரிவு செய்தால், கொடுக்கும் நாளிலேயே பேசி முடிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ மாமா வருவார், கறிக்குக் கோழி வேண்டிவரும், பிள்ளையின் கோழிதான் கொழுத்து நிற்கும். பள்ளிக்குப் போன நேரத்தில் அறுத்துவிட்டு "நரி பிடிச்சிட்டுது" என்று சொல்வது வழக்கம். பின்னேரம் குப்பைக்குழியில் நிறச் சீலைத் துண்டைப் பிள்ளை கண்டுபிடிக்கும். ஆகவே முதலிலேயே இரண்டில் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: "கோழி உன்ர, உன்னைக் கேளாமல் தொடமாட்டம்" அல்லது "பாக்கிறது நீ, கோழி வீட்டுக்கு. ஒருநாள் கறிக்கு எடுப்பம், எடுக்கேக்க உனக்குச் சொல்லுவம்." இரண்டாவதைக் கேட்டுப் பிள்ளை கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும். பிறகு போய்க் குறுணல் போடும்.